வாயுக் கிணறும் களைவிதையும்: குவீன்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களிற் பீடை முகாமைத்துவம்

கைத்தொழில் ஒன்று கிராமப்புறத்துட் புகும்போது அதனால் விளையக்கூடிய தீங்குகளுள் நீர், வளி, ஒலி ஆகியவற்றோடு தொடர்புடையனவே முதலிற் கவனத்தைப் பெறுகின்றன. அவை அளவிடத்தக்கவை, அளவு மீறின் இன்னார் பொறுப்பு என்று சுட்டிக் காட்டத்தக்கவை. வாகனமொன்றின் சில்லில் ஒட்டிய சேற்றோடு களைவிதையொன்று வந்து விழுவதோ எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. அது முளைத்துப் பூத்துக் காய்த்துப் பரவிய பின்னரே நிலத்துக்குரியவர் அதனை அறிகின்றார். அந்நிலையில் அதனைக் கொண்டுவந்தவர் யார் என்பதை நிறுவுதல் பெரும்பாலும் இயலாத காரியமாகி விடுகின்றது. காட்டுப்பன்றிகளின் பெருக்கத்துக்கும் இது பொருந்தும். இழப்பு உறுதியாக ஏற்பட, பொறுப்பு மட்டும் எவரிடத்தும் தங்காது நழுவுகின்றது.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இப்பிரச்சினையை ஆராய்தற்கு மிகவும் ஏற்ற இடமாகும். உலக வரலாற்றிற் பதிவான மிகப் பெரிய களைப் படையெடுப்புகளுள் ஒன்று, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இம்மாநிலத்திலேயே நிகழ்ந்தது. அன்று களை மூடிக்கிடந்த அதே நிலப்பரப்பில் இன்று ஆயிரக்கணக்கான வாயுக் கிணறுகள் அமைந்துள்ளன. நிலத்தின் மேற்பரப்பில் ஒருவர் மாடு மேய்க்க, அதன் அடியிலுள்ள வாயுவை மற்றொருவர் எடுக்கின்றார். இத்தகைய நிலையிற் களைக்கும் விலங்குப் பீடைக்கும் பொறுப்பாளர் யார்? இவ்வினாவுக்கு அறிவியலும் சட்டமும் நடைமுறையும் தரும் விடைகளை விளக்குவதும், பீடை முகாமைத்துவமானது உறுதிப் பத்திரங்களில் வரையப்பட்ட எல்லைகளை விடுத்துப் பீடையின் வாழ்க்கை எல்லையைத் தழுவி அமைதல் வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு ஆளப்படும் சொற்கள் இரண்டினை முதலில் வரையறுத்துக் கொள்ளுதல் நலம். வேண்டாத இடத்தில் வளரும் தாவரமே களை என்பது பழகிய வரைவிலக்கணம். 'காட்டுநிலை எய்திய விலங்கு' என்பது ஒருகாலத்தில் மனிதனால் வளர்க்கப்பட்டுப் பின்னர் அவனது பிடியிலிருந்து விடுபட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் இனம்பெருக்கி வாழும் விலங்கைக் குறிக்கும். நம் கிராமங்களில் வழங்கும் 'கட்டாக்காலி' என்னும் சொல் இதற்கு ஈடாகாது. கட்டாக்காலி மாட்டுக்கு உடையவன் ஒருவன் எங்கேனும் இருப்பான். காட்டுநிலை எய்திய பன்றிக்கு உடையவன் எவனுமில்லை. இப்பிரச்சினையின் சிக்கலே இங்குதான் தொடங்குகின்றது.

1. வாயுக் களத்தின் அமைப்பு

குவீன்ஸ்லாந்தின் றோமா நகரில் 1900ஆம் ஆண்டு நீருக்காகத் துளையிட்டபோது இயற்கை வாயு வெளிப்பட்டது. 1906இல் அவ்வாயுவைக் கொண்டு நகர விளக்குகள் சில நாட்கள் எரிக்கப்பட்டன. எனினும் இன்றைய பெருந்தொழிலுக்கு ஆதாரமாக விளங்குவது நிலக்கரிப் படைகளுள் நீரின் அமுக்கத்தால் அடைபட்டுக் கிடக்கும் மெதேன் வாயுவாகும். இது நிலக்கரிப்படை வாயு எனப்படும். போவன் படுகையிலுள்ள மூறா என்னும் ஊரின் அருகே 1996இல் இதன் வர்த்தக உற்பத்தி தொடங்கியது. பின்னர் சூரத் படுகையில் இத்தொழில் பெரிதும் விரிந்தது. (இச்சூரத் குஜராத்திலுள்ள நகரன்று, குவீன்ஸ்லாந்திலேயே அப்பெயர் தாங்கிய ஒரு சிற்றூராகும்.) டால்பி, சின்சில்லா, மைல்ஸ், றோமா ஆகிய நகரங்களைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களும் பயிர்நிலங்களும் இப்படுகையின் மேல் அமைந்துள்ளன. 2014ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் 2016ஆம் ஆண்டின் தொடக்கம் வரையுள்ள காலத்தில், கிளாட்ஸ்ரன் துறைமுகத்தை அடுத்த கேர்ட்டிஸ் தீவில், மூன்று திரவ இயற்கை வாயு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுமதியைத் தொடங்கின. உள்நாட்டுக் களங்களிலிருந்து இத்தீவுக்கு 400 கிலோமீற்றருக்கும் அதிக நீளமுடைய குழாய்வழிகள் செல்கின்றன.

நிலக்கரிச் சுரங்கத்தையும் வாயுக் களத்தையும் ஒப்பிட்டு நோக்கினாற் பீடைப் பரம்பலில் வாயுக் களத்துக்குள்ள தனித்தன்மை புலனாகும். சுரங்கம் ஓரிடத்தை முற்றாக அழித்து அங்கேயே நிலைகொள்கின்றது. வாயுக் களமோ ஒரு வலையைப் போன்றது. சில நூறு மீற்றர் தூரத்துக்கு ஒன்றாகக் கிணறுகள் தோண்டப்படுகின்றன. ஒவ்வொரு கிணற்றுக்கும் துளையிடும் வேளையில் ஏறக்குறைய ஒரு ஹெக்டேயர் நிலம் வெளியாக்கப்படுகின்றது. கிணறுகளை இணைக்கும் மண்பாதைகளும், வாயுவையும் நீரையும் கொண்டுசெல்லும் நிலக்கீழ்க் குழாய்களும், அமுக்க நிலையங்களும், நீர்த்தேக்கங்களும், தொழிலாளர் முகாம்களும் இவ்வலையின் ஏனைய கூறுகளாகும். மொத்த நிலத்திற் சிறு பங்கே கிளறப்படுகின்றதாயினும், கிளறப்பட்ட நிலம் நீண்டு ஒடுங்கிய கீற்றுகளாகப் பல பண்ணைகளின் ஊடே செல்கின்றது. எனவே அதன் விளிம்பின் நீளம் மிகப் பெரிது. களை நுழைவது விளிம்பினூடாகவே.

இதனினும் முக்கியமானது வாகனங்களின் நடமாட்டமாகும். முன்னாளில் ஒரு பண்ணையாளரின் வாகனம் பெரும்பாலும் அவருடைய நிலத்துக்குள்ளும் அவ்வூர்ச் சந்தைக்கும் இடையிலேயே இயங்கியது. கிணறுகளைப் பரிசோதிக்கும் ஊழியரின் வாகனமோ ஒரே நாளிற் பல பண்ணைகளின் படலைகளைத் திறந்து மூடிச் செல்கின்றது. துளையிடும் இயந்திரங்களும் மண்வாரி இயந்திரங்களும் ஒரு படுகையிலிருந்து மற்றொரு படுகைக்கு, சில வேளைகளில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாற்றப்படுகின்றன. ஒன்றோடொன்று தொடர்பற்றிருந்த நிலங்கள் இவ்வாறு சில்லுகளால் இணைக்கப்பட்டு விடுகின்றன.

2. நாகதாளி கற்பித்த பாடம்

இப்பிரதேசத்து மக்கள் களையை ஏன் இத்துணை அஞ்சுகின்றனர் என்பதை உணர்வதற்கு நாகதாளியின் வரலாற்றை அறிதல் வேண்டும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய நாகதாளி இனங்கள் 19ஆம் நூற்றாண்டில் வேலிக்காகவும் வரட்சிக் காலத் தீவனத்துக்காகவும் கிழக்கு அவுஸ்திரேலியாவில் நடப்பட்டன. 1920களின் நடுப்பகுதியில் அவை குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஏறக்குறைய 2 கோடியே 40 இலட்சம் ஹெக்டேயர் நிலத்திற் பரவியிருந்தன. இது இலங்கையின் மொத்தப் பரப்பைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகமாகும். இப்பரப்பிற் பாதியளவில் மனிதரோ மாடோ நுழைய முடியாதவாறு கள்ளி அடர்ந்து நின்றது. குடும்பங்கள் பல தம் பண்ணைகளைக் கைவிட்டு வெளியேறின. ஆசனிக்குச் சேர்ந்த நஞ்சுகளைத் தெளித்தும் பயன் கிட்டவில்லை. அழிக்கும் செலவு நிலத்தின் விலையையே விஞ்சியது.

இதற்குத் தீர்வு உயிரியல் வழியிற் கிடைத்தது. அதன் தொடக்க அத்தியாயத்தில் நம் பகுதிக்கும் ஓர் இடமுண்டு. இலங்கையின் பெயரையே 'சிலோனிக்கஸ்' என இனப்பெயராகத் தாங்கிய கொச்சினீல் பூச்சியொன்று, முதலாம் உலகப்போர் தொடங்கும் காலத்தில், தென்னாசியாவிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாயத் தொழிலுக்காக இந்தியாவுக்குக் கொணரப்பட்டு, இப்பகுதிகளிற் கள்ளியை அழிப்பதில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்தது. குவீன்ஸ்லாந்திலும் அது தனக்குரிய ஒரு கள்ளியினத்தை அழித்தது. ஆயினும் பெரும் பரப்பை மூடியிருந்த முதன்மை இனத்தை அது தீண்டவில்லை. 1925இல் ஆர்ஜென்டீனாவிலிருந்து கக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் முட்டைகள் கொண்டுவரப்பட்டன. முதலில் வந்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றிலிருந்து பெருக்கப்பட்ட பூச்சிகள் 1926 முதல் வெளியில் விடப்பட்டன. அவற்றின் குடம்பிகள் கள்ளித் தண்டினுட் புகுந்து அதனை அரித்து அழுகச் செய்தன. 1930களின் தொடக்க ஆண்டுகளுக்குள் அடர்ந்த கள்ளிக்காடுகள் சரிந்தொழிந்தன. சின்சில்லாவை அடுத்த பூனார்கா என்னும் ஊரில், 1936இல் திறக்கப்பட்ட பொது மண்டபத்துக்கு மக்கள் இப்பூச்சியின் பெயரையே சூட்டினர்.

இவ்வெற்றி மகத்தானது. எனினும் இதிலிருந்து பிழையான பாடத்தைக் கற்றலும் எளிது. ஒவ்வொரு களைக்கும் எங்கோ ஒரு பூச்சி காத்திருக்கின்றது என்று எண்ணுவதற்கு இடமில்லை. புல்லினக் களைகளைப் பொறுத்தவரை, பயிர்களும் தீவனப் புற்களும் அதே குடும்பத்தவையாதலின், களையை மட்டும் தாக்கும் உயிரியைக் கண்டுபிடித்தல் மிகக் கடினம். நாகதாளி கற்பித்த மெய்யான பாடம் வேறு. களை நுழைவதற்கு ஒரு வேலிக்கன்று போதும். அதனை நீக்குவதற்கு இரண்டு தலைமுறைகளின் உழைப்பும் ஓர் அரசின் நிதியும் வேண்டும்.

3. இன்றைய களைகளும் அவை பரவும் வழிகளும்

இன்று வாயுக் களப் பகுதிகளில் முதலிடம் பெறும் களை பார்த்தீனியமாகும். கலப்படமான புல்விதையோடு 1960ஆம் ஆண்டளவில் மத்திய குவீன்ஸ்லாந்தின் கிளேர்மொன்ட் பகுதிக்கு வந்த இத்தாவரம் அங்கிருந்து பெரும் மேய்ச்சற் பரப்புகளிற் பரவியது. முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் அது பூக்கத் தொடங்கும். செழித்த ஒரு செடி பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை ஈனக்கூடியது. கால்நடைகள் அதனை விரும்பி உண்பதில்லை. உண்ணின் இறைச்சியிற் கெட்ட சுவை படிகின்றது. மனிதருக்கோ தோலழற்சியும் சுவாச ஒவ்வாமையும் ஏற்படுகின்றன. 1980 முதல் மெக்சிக்கோ வண்டு, தண்டில் முடிச்சை உண்டாக்கும் அந்து, துருப் பங்கசு முதலிய எதிரிகள் விடப்பட்டுள்ளன. அவை களையின் வீரியத்தைக் குறைத்துள்ளன, ஒழித்துவிடவில்லை.

இரண்டாவது, ஆபிரிக்காவிலிருந்து வந்த 'பேரெலிவால்' எனப்படும் புல். முதிர்ந்த இப்புல்லை மாடுகள் கடிக்கமாட்டா. ஈரமான வேளையில் இதன் விதை பசைபோல் எதிலும் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மூன்றாவது, மடகாஸ்கருக்குரியதும் நம்மவர் அறிந்த ரணகள்ளியின் இனத்தைச் சேர்ந்ததுமான 'கோடிகளின் தாய்' என்னும் செடி. இதன் இலைநுனியிலேயே சிறு கன்றுகள் தோன்றி உதிர்ந்து வேரூன்றும். கால்நடைகளின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இதிலுண்டு. ஒரு கன்று சில்லில் ஒட்டிச் சென்றாற் போதும், புதிய கூட்டம் ஒன்று உருவாகிவிடும்.

களை எது என்பதிலேயே கருத்து வேறுபாடு தோன்றுவதும் உண்டு. தமிழிற் கொழுக்கட்டைப் புல் எனப்படும் புல்லினம் குவீன்ஸ்லாந்திற் பஃபல் புல் என வழங்கும். வரட்சியைத் தாங்கி நிற்கும் இப்புல் மேய்ச்சற் பண்ணையாளருக்குச் செல்வம். அதே புல் எஞ்சியுள்ள பிரிகலோ காடுகளினுள் நுழைந்து காட்டுத்தீயை உக்கிரமாக்குவதால் இயற்கைப் பாதுகாவலருக்கு அது பெருங்களை. குழாய்வழி புதைத்த நிலத்தை மீளப் பசுமையாக்கும் நிறுவனம் எந்த விதையைத் தூவவேண்டும் என்பதற்கு ஆகவே ஒரு பொதுவிதி இல்லை. நிலவுரிமையாளரோடு கலந்தே அது முடிவு செய்யப்படவேண்டும்.

இக்களைகள் வாயுக் களத்திற் பரவுவது நான்கு வழிகளால் எனலாம். முதலாவது, வாகனங்களிலும் இயந்திரங்களிலும் ஒட்டிய சேறு. இரண்டாவது, பாதைகளுக்கும் தளங்களுக்கும் கொண்டுவரப்படும் சரளைக்கல், மணல், மண் என்பன. மூன்றாவது, மண்ணரிப்பைத் தடுக்க இடப்படும் வைக்கோலும் தூவப்படும் விதையும். நான்காவது, மேல்மண்ணைக் கிளறுதல். இது வெளியிலிருந்து எதனையும் கொண்டுவராவிடினும், மண்ணில் உறங்கிக் கிடந்த விதைகளை மேலே கொணர்ந்து, போட்டியற்ற வெற்றுநிலத்தையும் அவற்றுக்கு அளிக்கின்றது.

நேர்மையாக நோக்கின் நிறுவனங்களின் வாகனங்கள் மட்டுமே களையின் ஊர்தியல்ல என்பதையும் கூறவேண்டும். வரட்சிக் காலத்தில் தூர இடங்களிலிருந்து வாங்கப்படும் வைக்கோல், விற்பனைக்குச் செல்லும் மாடுகள், அறுவடை இயந்திரங்கள், நெடுஞ்சாலைப் போக்குவரத்து ஆகியனவும் களையைச் சுமக்கின்றன. 2010ஆம் ஆண்டின் இறுதியிலும் 2011இன் தொடக்கத்திலும் கொண்டமைன் நதி பெருக்கெடுத்தபோது ஏற்பட்டதைப் போன்ற வெள்ளங்களும் விதைகளை வெகுதூரம் இழுத்துச் செல்லும். ஒரு களை தோன்றியபின் எழும் வழக்குகளில் இரு தரப்பாரும் இவற்றையே சுட்டி ஒருவர்மேல் ஒருவர் பழிகூறுவர். ஆதலால் நுழைவதற்கு முன்னர் நிலத்தில் என்னென்ன இருந்தன என்பதைப் பதிவுசெய்தலே முகாமைத்துவத்தின் முதற்படியாகின்றது.

4. விலங்குப் பீடைகள்

விலங்குகளுட் பன்றியே முதன்மையானது. 1788இல் முதற் குடியேற்றக் கப்பல்களோடு வந்த பன்றிகளின் வழித்தோன்றல்களும் பின்வந்தவையும் காட்டுநிலை எய்தின. அவை பயிரை உழக்கும். ஆட்டுக்குட்டிகளைக் கொன்று தின்னும். நீர்நிலைகளின் கரைகளைக் கிளறிச் சேறாக்கும். எலிக்காய்ச்சல், புரூசெல்லா முதலிய நோய்களைத் தாங்கித் திரியும். கால்வாய் நோய் அந்நாட்டுட் புகுமாயின் அதனைக் காட்டில் நிலைபெறச் செய்யக்கூடியவை அவை என்ற அச்சமும் உண்டு. பன்றியின் கருப்பகாலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. உணவும் நீரும் நிறைந்த ஆண்டில் அது இருமுறை ஈனும். ஆண்டுதோறும் குடித்தொகையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அகற்றினாலன்றி அதன் பெருக்கத்தை அடக்க இயலாது என்று ஆய்வாளர் கூறுவர். வேடிக்கைக்காகச் சிலவற்றைச் சுடுவது பயனற்றதென்பதும், எஞ்சியவற்றை எச்சரித்துச் சிதறச் செய்வதால் அது தீங்காகவும் முடியும் என்பதும் இதனாற் பெறப்படும்.

வாயுக் களம் பன்றிகளைப் படைப்பதில்லை. ஆனால் அவற்றுக்கு வேண்டிய வசதிகள் மூன்றினை அது தரக்கூடும். முதலாவது நீர். வியர்வையால் உடலைக் குளிர்விக்க இயலாத பன்றி கோடையில் நீர்நிலையை விட்டு வெகுதூரம் செல்வதில்லை. நிலக்கரிப் படையிலிருந்து வாயுவை விடுவிக்க அங்குள்ள நீரை இறைத்தல் இன்றியமையாதது. அந்நீர் தேக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டுப் பாசனத்துக்கும் கால்நடைகளுக்கும் வழங்கப்படுகின்றது. முன்னர் வரண்டிருந்த இடத்தில் வேலியற்ற நீர்நிலையொன்று தோன்றுமாயின், பன்றியின் வாழ்புலமும் அவ்வளவுக்கு விரியும். இரண்டாவது உணவு. நூற்றுக்கணக்கானோர் உண்ணும் முகாமின் கழிவுக் குழி பன்றிக்கும் காட்டு நாய்க்கும் பூனைக்கும் விருந்து மண்டபமாகும். மூன்றாவது பாதை. செறிந்த புதர்க்காட்டினூடே வெட்டப்பட்ட நேர்வழிகளை வேட்டை விலங்குகள் விரைந்து செல்வதற்குப் பயன்படுத்துகின்றன. கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் எண்ணெய் ஆய்வுக்காக வெட்டப்பட்ட வழிகளில் ஓநாய்கள் எளிதாக நடமாடித் துருவமான்களை வேட்டையாடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குவீன்ஸ்லாந்திற் செந்நரி, பூனை, காட்டு நாய் ஆகியனவும் இத்தகைய வழிகளை விரும்புபவையே.

காட்டு நாய்களைப் பொறுத்தவரை வேலியின் முக்கியத்துவத்தை மிகைப்படுத்த முடியாது. டிங்கோக்களிடமிருந்து செம்மறியாடுகளைக் காப்பதற்காக அமைக்கப்பட்டதும், ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர் நீளமுடையதுமான உலகப் புகழ்பெற்ற வேலி டால்பிக்கு அண்மையிலுள்ள ஜிம்பூரிலேயே தொடங்குகின்றது. இப்பகுதியிற் பண்ணையாளர் பலர் கூட்டாகப் பணம் திரட்டித் தம் நிலங்களைச் சுற்றியும் உயர்ந்த வேலிகளை அமைத்துள்ளனர். அவ்வேலியில் ஒரு படலை ஓரிரவு திறந்து கிடப்பின், அல்லது குழாய் புதைப்பதற்காக அறுத்த கம்பி செவ்வனே கட்டப்படாதிருப்பின், உள்ளிருக்கும் மந்தைகள் அனைத்தும் அபாயத்துக்குள்ளாகும். நாளொன்றுக்குப் பன்முறை படலைகளைத் திறக்கும் தொழிலில் இது சிறிய விடயமன்று.

5. சட்டமும் பொறுப்பும்

குவீன்ஸ்லாந்திற் பெற்றோலியமும் இயற்கை வாயுவும் 1915ஆம் ஆண்டுச் சட்டம் முதலாக அரசின் உடைமைகளாகும். உரிய அனுமதிபெற்ற நிறுவனம் தன் நிலத்துட் புகுவதை நிலவுரிமையாளர் முற்றாக மறுத்துவிட முடியாது. எனினும் கிணறு தோண்டுதல் போன்ற பெருவேலைகளுக்கு முன்னர் இரு சாராருக்குமிடையே நடத்தையும் நட்டஈடும் பற்றிய ஒப்பந்தம் ஒன்று பொதுவாக வேண்டப்படும். 2010இல் இயற்றப்பட்டு 2016இல் திருத்தப்பட்ட நிலநுழைவு விதிக்கோவை இதற்குத் துணைசெய்கின்றது. பிரகடனஞ்செய்யப்பட்ட பீடைகளின் இனப்பெருக்கப் பகுதிகள் நிலத்துக்குள்ளோ நிலத்திலிருந்தோ பரவாதவாறு நியாயமான நடவடிக்கைகள் யாவும் எடுக்கப்படவேண்டும் என்றும், வாகனங்கள் கழுவப்பட்டமைக்கான பதிவுகள் பேணப்பட்டு நிலவுரிமையாளர் கேட்குமிடத்துக் காட்டப்படவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. படலைகளைப் பயன்படுத்தும் முறையும் அதிற் கூறப்பட்டுள்ளது.

இவற்றுக்கு மேலாக, 2014இல் நிறைவேற்றப்பட்டு 2016 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உயிர்க்காப்புச் சட்டம் 'பொது உயிர்க்காப்புக் கடமை' என்னும் கருத்தை நிறுவியது. தன் செயலால் உயிரியல் அபாயம் விளையக்கூடும் என்பதை அறிந்த, அல்லது அறிந்திருக்கவேண்டிய ஒவ்வொருவரும் அதனைத் தடுக்கவோ குறைக்கவோ நியாயமானதும் நடைமுறைச் சாத்தியமானதுமான அனைத்தையும் செய்தல் வேண்டும். நிலவுரிமையாளர், நிறுவனம், ஒப்பந்தகாரர், வாகன ஓட்டுநர் ஆகிய யாவரையும் இக்கடமை பற்றும். பார்த்தீனியத்தைப் பரப்பலாகாது, காட்டுப்பன்றியைப் பரப்பவோ, இடம்பெயர்க்கவோ, வைத்திருக்கவோ, அதற்கு உணவளிக்கவோ கூடாது. இக்கடைசித் தடையை நோக்குமிடத்து, மூடப்படாத முகாமின் கழிவுக் குழி அழகுக்கேடு மட்டுமன்று, சட்டத்தின் கருத்துக்கே முரணானது என்பது தெளிவாகும்.

பொறுப்பை அனைவர்க்கும் பொதுவாக்கியமை இச்சட்டத்தின் பலம். அதுவே அதன் பலவீனமும் ஆகலாம். எல்லோருக்கும் உரிய கடமையை ஒருவரும் தமதெனக் கொள்ளாதிருத்தல் உலக இயல்பு. எனவே பொதுக் கடமையைக் குறிப்பிட்ட வேலைகளாகப் பகுத்து, எந்த வேலையை யார் எப்போது யாருடைய செலவிற் செய்வது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாத பண்ணையாளர், சட்டம் தம் பக்கம் இருந்தும் களையோடு தனித்து விடப்படக்கூடும்.

6. முகாமைத்துவத்தின் நடைமுறை

அனுபவம் வகுத்துள்ள நடைமுறையைக் காலவரிசையில் நோக்குதல் பொருத்தமாகும். நுழைவதற்கு முன்னர் இரு தரப்பாரும் ஒருங்கே நிலத்தைச் சுற்றிப்பார்த்து, உள்ள களைகளையும் அவற்றின் இடங்களையும் நிழற்படங்களோடு பதிவுசெய்தல் வேண்டும். வரட்சியில் மட்டும் செய்யப்படும் ஆய்வு நிறைவானதன்று. பார்த்தீனியம் போன்றவை மழைக்குப் பின்னரே தலைகாட்டுமாதலால் ஆய்வும் மழையைத் தொடர்ந்து நிகழவேண்டும். கிணற்றின் இடத்தையும் பாதையின் போக்கையும் நிர்ணயிக்கும்போது களை மண்டிய பகுதிகளைத் தவிர்த்தல் பின்னாளிற் செய்யவேண்டிய பல தெளிப்புகளை மிச்சப்படுத்தும்.

வேலை நடைபெறுங் காலத்திற் கழுவுதலே தலையாய பணி. இயந்திரத்தின் மேற்புறத்தில் நீரை அடிப்பதாற் பயனில்லை. அடிப்பாகம், சில்லுவளைவு, சங்கிலிப்பட்டை, கதிர்வீசியின் முகப்பு, ஓட்டுநரின் காலடிவிரிப்பு ஆகிய இடங்களிலேயே விதை தங்கும். உலர்ந்த விதைகளை அமுக்கிய காற்றாலோ உறிஞ்சுகருவியாலோ அகற்றியபின் உயர் அமுக்க நீரைப் பயன்படுத்துவர். கழுவிய நீரும் சேறும் சேரும் குழி பின்னர் களைக்குத் தாயகமாகாதவாறு கண்காணிக்கப்படவேண்டும். தூய நிலத்தின் வேலையை முதலிலும் களையுள்ள நிலத்தின் வேலையை இறுதியிலும் அமைத்தல், மழை பெய்து பாதை சேறாகிய நாட்களில் அவசியமற்ற பயணங்களை நிறுத்துதல் என்பன செலவற்றனவும் மிகப் பயனுடையனவுமான வழிகள். வெளியிலிருந்து வரும் சரளைக்கும் வைக்கோலுக்கும் அவை களையற்ற இடத்திலிருந்து வந்தமைக்கான எழுத்துமூலச் சான்று பெறப்படவேண்டும்.

களைநாசினி தெளிப்பதிலும் ஒருதலைப்பட்ச முடிவு தகாது. சேதனப் பண்ணையெனச் சான்றுபெற்ற நிலத்தில் ஒருமுறை தவறாகத் தெளிப்பதே அச்சான்றை இழக்கச் செய்யும். தெளிப்புக்குப் பின் மாடுகளை எத்தனை நாட்கள் விலக்கவேண்டும் என்பதையும் பண்ணையாளர் முன்கூட்டியே அறிதல் வேண்டும்.

பன்றிகளைப் பிடிப்பதற்குக் கூட்டுப் பொறி சிறந்தது. சில நாட்கள் உணவிட்டுப் பழக்கி, கூட்டம் முழுவதும் உள்ளே வந்ததைத் தானியங்கி நிழற்படக் கருவியால் உறுதிசெய்த பின்னரே கதவு வீழ்த்தப்படும். பரந்த நிலங்களில் உலங்குவானூர்தியிலிருந்து சுடுதலும், '1080' எனப்படும் சோடியம் புளோரோ அசற்றேற்று நஞ்சூட்டிய இரையிடுதலும் கையாளப்படுகின்றன. நாயினங்களுக்கு இந்நஞ்சு மிகக் கொடியதாதலின் பண்ணை நாய்களைக் காக்க அயலவருக்கு அறிவித்தல் கட்டாயமாகும். இங்கு வாயுக் களம் ஒரு தடையையும் உண்டாக்குகின்றது. ஊழியர்கள் இரவுபகலாக நடமாடும் இடத்திலும், எரிபற்றும் வாயுவைக் கொண்ட கிணற்றுத்தலைகளின் அருகிலும் பண்ணையாளர் முன்போற் சுடமுடியாது. அவ்வாறு சுடமுடியாத நிலம் பன்றிகளுக்குப் புகலிடமாகிவிடாதிருக்க, வேலைகளை நிறுத்திவைக்கும் நாட்களை நிறுவனமும் அயற்பண்ணைகளும் கூடித் தீர்மானித்து ஒரே காலத்தில் நடவடிக்கையில் இறங்குதல் வேண்டும். ஒரு பண்ணையில் 70 சதவீதத்தை அகற்றினும் அயற்பண்ணை வாளாவிருப்பின், வெற்றிடத்தை நிரப்பப் பன்றிகள் அங்கிருந்து வந்துவிடும்.

கிணறு வற்றி மூடப்பட்ட பின்னரும் பணி முடிவதில்லை. மண்ணிற் புதைந்த விதை பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். நிறுவனம் நிலத்தைக் கையளித்து விலகிய அடுத்த நல்ல மழையிலேயே அது முளைக்கலாம். ஆகவே கண்காணிப்புக்குரிய காலம் கிணற்றின் ஆயுளைக் கொண்டு கணிக்கப்படாது, விதையின் ஆயுளைக் கொண்டு கணிக்கப்படுதலே நீதியாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. தடுத்தலின் செலவு சிறிது, நீக்கலின் செலவு பெரிது என்பது முதலாவது. நாகதாளியின் வரலாறு இதற்குச் சான்று. களையும் விலங்கும் பண்ணை எல்லையையும் அனுமதிப்பத்திர எல்லையையும் அறியாவாதலின், அயலவர் அனைவரும் ஒருங்கிணைந்த முயற்சியே பயன்தரும் என்பது இரண்டாவது. மேற்பரப்பின் உரிமையும் அடிநிலத்தின் உரிமையும் பிரிந்து கிடக்கும் இடத்திற் பொறுப்பை முன்னரே எழுத்தில் வரையாவிடின், சுமை முழுவதும் நிலத்தில் நிலையாக வாழ்பவர் மேலேயே விழும் என்பது மூன்றாவது. நிறுவனம் வரும், போகும், பண்ணையாளர் இருப்பார், களையும் இருக்கும்.

இவ்வுண்மைகள் குவீன்ஸ்லாந்துக்கு மட்டும் உரியன அல்ல. அங்கு பெருங்களையாகிய பார்த்தீனியமே நம் வடபகுதியிலும் வேரூன்றியுள்ளது. 1987இல் வந்த இந்திய அமைதிகாக்கும் படையோடு அது இங்கு நுழைந்தது என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். 1999இல் அது இந்நாட்டில் இனங்காணப்பட்டதற்குள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டங்களுக்கும் தெருவோரங்களுக்கும் பரவியிருந்தது. வந்தவர் சென்று பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், வெங்காயப் பாத்தியிலும் மிளகாய்த் தோட்டத்திலும் அதனைக் கையுறையிட்டுப் பிடுங்கி எரிப்பவர் நம் கமக்காரரே. வீதி, மின்னிலையம், கைத்தொழிற் பேட்டை என எப்பெருந்திட்டம் நம் கிராமங்களுட் புகினும், அதன் இயந்திரங்களின் சில்லுகளைக் கழுவும் நீருக்கும் ஆட்கூலிக்கும் திட்டச் செலவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வினாவை எழுப்புவதற்குரிய வேளை முதல் வாகனம் படலையைக் கடப்பதற்கு முன்னரேயாகும்.